கடலை உள்ளே விட்டது நான்தான்

ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலை உச்சியில் தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் கடைசி லயத்துக்கு முதன்முதலில் மின்விளக்கு எரிய வைத்தவன் நான். ஓடையை மறித்து, தகரத்தில் சக்கரம் செய்து, லொறி டைனமோவை மாட்டி எரிய வைத்தேன். அரசாங்க மின்சாரம் அங்கே ஏறி வருவதற்குள் என் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமே கட்டிவிட்டார்கள். நமுனுகுலப் பக்கம் ஒரு மாரியம்மன் தேருக்கு ஜீப்பின் அச்சையும் பிரேக்கையும் பொருத்தினேன். அந்த இறக்கத்தில் முன்பெல்லாம் தேர் ஆளை மிதித்திருக்கிறது. நான் கை வைத்த பிறகு ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. ஊற்றுக்கு இரண்டு மைல் நடந்த ஜனங்களுக்கு மலையைச் சுற்றிக் குழாய் போட்டுத் தண்ணீரை லயத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். பாலத்தை வெள்ளம் அடித்துப்போன தோட்டத்தில் கம்பிவடத்தில் நடைபாலம் தொங்கவிட்டேன். பதுளை டவுனில் சொந்தப் பட்டறை வைத்தேன், பட்டறைக்கு மேலே மாடி வீடு கட்டினேன். இத்தனைக்கும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் எட்டுப் பேரோடு பிறந்து படுத்தவன். “லயத்துப் பயலுக்கு எதுக்குடா வெல்டிங்கு?” என்று கேட்ட தோட்டத்து அதிகாரி கண்டக்டர் ஐயா, தன் வீட்டு கேட்டைச் செய்ய என்னிடம்தான் வந்து நின்றார்.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. தேர்க்கொட்டகைச் சுவரில் என் பெயரும் இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஒன்றை நான் கடலுக்கு அடியில் செய்தேன். அதை மட்டும் என் பெயரில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கிழவன் பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பொயிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டோரில் பொயிலர் இருந்தது. இரும்புத் தொட்டிக்குள் ஆவி அடைபட்டு, வெளியே வர முட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய ஒரு ஆள் நுழையும் கதவு உண்டு. பக்கத்தில் அழுத்தத்தைக் காட்டும் முள். அடுப்பை அணைத்து, ஆவியை வால்வு வழியாக விட்டு, முள் பூச்சியத்தில் வந்து படுக்கும்வரை அந்தக் கதவில் கை வைக்கக் கூடாது. முள் பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்கும்போதே கதவைத் தளர்த்திய ஒருவனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு முள் முன்னால் குந்திக் காத்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பட்டறை வைத்த பிறகும் மாகாணம் முழுக்கப் பொயிலர் என்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

என்னோடு வேலை செய்தவன் என் மனைவியின் தம்பி. அவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டதால், என் மனைவி கொழுந்து பறிக்கும்போது அவனை மலையடியில் சாக்கு விரித்துக் கிடத்தி வளர்த்தாள். தம்பி என்றுதான் பேர், அவளுக்கு மூத்த பிள்ளை அவன்தான். கல்யாணம் கட்டாமலே ஐம்பதைத் தாண்டியவன். வெல்டிங்கில் என் அளவுக்கு வரமாட்டான், ஆனால் நாட்டிலேயே இரண்டாவது ஆள் என்று சொல்வேன். வேலை செய்யும் நேரமெல்லாம் கேலி பேசுவான்.

டீசலுக்கு வரிசையில் நின்ற காலம். மின்சாரம் பாதி நாள் இல்லை. பட்டறை ஈயடித்தது. அப்போது கிழக்குக் கரையிலிருந்து ஒரு முதலாளி வந்தார். முன்பு அவருடைய ஐஸ் ஆலைக்குத் தொட்டி செய்து கொடுத்திருக்கிறேன். “பெரிய இரும்புத் தொட்டி ஒண்டு இருக்கு. கதவு உடைஞ்சு போச்சு. நீங்கதான் வரணும்” என்றார். கரையில் இருக்கும் வெல்டர்களை விட்டுவிட்டு மலைக்கு ஏன் ஏறி வருகிறார் என்று யோசித்திருக்கலாம். என் பெயர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதுவும் உண்மைதான்.

கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்: “ஏங்க, அவனுக்கு ஆத்துல எறங்கவே பயம். கடல் பக்கம் விடாதீங்க. கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

“கூட்டிட்டு வர்றேன்” என்றேன்.

“அக்கா, நான் என்ன பச்சப் புள்ளயா? அத்தானத்தான் யாராச்சும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும்” என்றான் அவன்.

பசறை, பிபிலை என்று லொறியில் இறங்கிப் போனோம். கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரத்தில், கண்டல் காட்டுக்குள், கிடுகுக் கொட்டகையின் கீழே அது கிடந்தது. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, அது தொட்டி இல்லை. பொயிலருக்கு வால் முளைத்தது போல நீளமான இரும்பு. முன்னால் தடித்த கண்ணாடி ஜன்னல், பின்னால் விசிறி. உடம்பில் எங்கேயும் பெயர் இல்லை, எண் இல்லை, எந்த நாட்டு எழுத்தும் இல்லை. மீனவர்களின் வலையில் கடலுக்கு அடியில் சிக்கியதாம். சத்தம் காட்டாமல் களப்புக்கு இழுத்து வந்து, கடப்பாரையால் கதவை நெம்பி உடைத்திருந்தார்கள். நீர்மூழ்கி. யார் செய்தது, எதற்குச் செய்தது, யாருக்கும் தெரியாது.

உள்ளே இறங்கினேன். நான்கு பேர் குந்தி இருக்கலாம். ஒரு செருப்பு கிடந்தது. கதவின் உள்பக்கத்தைச் சுற்றிலும் பெயின்ட் சுரண்டப்பட்டு வெறும் இரும்பு தெரிந்தது. ஏதோ ஆயுதத்தால் திரும்பத் திரும்பக் குத்திய தடம்.

“உள்ள எலி இருந்திருக்கும் அத்தான். ஸ்பேனர் வச்சிருந்த எலி” என்றான் மச்சினன்.

வலையில் அதைப் பிடித்தவர்களில் ஒருவன்தான் அதை ஓட்டப் பழகியிருந்தான். நாற்பதை எட்டும் வயது, கடலுக்குள் மூழ்கிப் பழகிய நல்ல சுழியோடி. அவனிடம் கேட்டேன்: “நீங்க தொறந்தப்ப உள்ள என்ன இருந்துச்சு?”

“ஒண்டும் இல்ல ஐயா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

முதலாளிக்கு ஒரு திட்டம் இருந்தது. கடலில் எப்போதோ மூழ்கிய ஒரு கப்பல் கிடக்கிறது, அதில் பித்தளை இருக்கிறது. மேலே படகு நின்று, கீழே நீர்மூழ்கி போய்ப் பித்தளையில் கொக்கியை மாட்டிவிட்டால், படகு இழுத்துக்கொள்ளும். அனுமதி ஒன்றும் கிடையாது. எனக்கு அது விளங்கியது. ஆனால் அந்த இரும்பைப் பார்த்த பிறகு என்னால் அந்த வேலையை விட முடியவில்லை. தேரைச் செய்துவிட்டேன், பாலத்தைச் செய்துவிட்டேன், கடலுக்கு அடியில் போகிற வண்டியில் இந்த மாகாணத்தில் எவன் கை வைத்திருக்கிறான்?

பதுளையில் என் பட்டறையில் கதவைச் செய்தேன். பழைய பொயிலர் தகட்டில், பொயிலர் கதவு போலவே, உள்பக்கமிருந்து அழுந்தும்படி செய்தேன். என் வாழ்நாளில் அழுத்தம் என்றால் உள்ளிருந்து வெளியேதான். களப்பில் ஆளில்லாமல் அமிழ்த்திப் பார்த்தோம், வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு மேலே வந்தது. கதவை மாற்றி வெளியிலிருந்து அழுந்தும்படி வைத்தேன். பிறகு ஒரு சொட்டு கசியவில்லை. அதற்குமேல், யாரும் கேட்காத ஒரு வேலையும் செய்தேன். மூடிய ஸ்டோரில் கழற்றிய அழுத்த முள் ஒன்றை உள்ளே பொருத்தி, அதன் குழாயைக் கடலுக்கு நீட்டினேன். உள்ளே இருக்கும் காற்றைவிடக் கடல் எவ்வளவு பலமாக நெருக்குகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். தண்ணீர் ஏற்றி அமிழ வைக்கும் தொட்டிகளைக் காலி செய்யும் பம்பு, அடியில் கடலுக்குத் திறக்கும் ஒரு வால்வு, எல்லாம் என் கை வேலை.

கடல் அசையாமல் கிடந்த ஒரு காலையில் இறங்கினோம். ஓட்டுவதற்கு அந்தச் சுழியோடி. பம்புக்கு என் மச்சினன். அவனை மேலே படகில் இருக்கச் சொன்னேன். “படகுலருந்து விழுந்தாலும் கடல்தான் அத்தான். உள்ள நனையாமயாச்சும் இருக்கலாம்” என்று ஏறிக்கொண்டான். என் பம்பை வேறு யாரும் தொடுவது எனக்கும் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே முதலில் பச்சை. பிறகு பச்சையும் மங்கி, விடிவதற்கு முன் மலையில் இறங்கும் பனி போலச் சாம்பல். அதற்குள்ளிருந்து கப்பல் தெரிந்தது. கூரை போன ஸ்டோர் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பது போலிருந்தது. அதன் ஓட்டைகளில் மீன்கள் கூட்டமாக நுழைந்து கூட்டமாக வெளியே வந்தன.

“அத்தான், இங்க காலையில வேலைக்குப் பெரட்டுல பேரு கொடுக்க எத்தன பேரு நிக்குறாங்க பாருங்க. கங்காணி யாரு?”

“வாய மூடிட்டு பம்பப் பாரு மாப்ள.”

“சுறாவாத்தான் இருக்கணும். பாதி நாள் பேர் போட்டுட்டு மிச்சத்த முழுங்கிரும்.”

கொக்கி மாட்டியது. படகு இழுத்தது. பித்தளை வரவில்லை, கொக்கியின் கம்பி எங்கள்மேல் உரசிக்கொண்டு வந்து வாலைத் தூக்கியது. நீர்மூழ்கி சரிந்து, விசிறித் தண்டு வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது. அது பற்றரிமேல் விழுந்தது. ஒரு நீல வெளிச்சம், எரிந்த நாற்றம், அதோடு மோட்டாரும் பம்பும் நின்றுவிட்டன. கம்பியும் அறுந்தது. நாங்கள் மெதுவாகப் போய் மணலில் குந்தினோம். தண்டின் கசிவைச் சாக்கை அடைத்து நிறுத்தினேன். டோர்ச் வெளிச்சத்தில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மேலே படகின் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அது வேகமெடுத்தது. தூரமானது. பிறகு இல்லை. ரோந்துப் படகு ஒன்று கண்ணில் பட்டதாம், முதலாளி ஓடிவிட்டார். இது பிறகு தெரிந்தது.

“டீ குடிக்கப் போறானுங்க போல” என்றான் மச்சினன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மூன்று பேரும் தோள் கொடுத்துக் கதவை மேலே தள்ளினோம். மலையைத் தள்ளுவது போலிருந்தது. ஸ்பேனரை எடுத்துக் குத்தினோம். காற்று கனத்துத் தலை வலித்தது. அப்போது சுழியோடி குத்துவதை நிறுத்திவிட்டு, கதவைச் சுற்றியிருந்த பழைய தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். நாங்க திறக்கக்குள்ள ரெண்டு பேர் கிடந்தவங்க. கதவுக்கு நேர கீழ. ஒராளுட கையில ஸ்பேனர். காட்டுக்குள்ள குழி தோண்டித் தாட்டுப்போட்டம்.”

அவர்கள் கிடந்தபோது உள்ளே தண்ணீர் இருந்ததா என்று கேட்டேன். காய்ந்து கிடந்தது என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்த இரண்டு பேரும் தண்ணீரை வெளியே வைத்துக்கொண்டு கதவைத் தள்ளிச் செத்தார்கள். முள்ளைப் பார்த்தேன், ஏறி நின்றது. முள் ஏறி நிற்கும்போது கதவு திறக்காது. பொயிலரில் உள்ளே இருப்பதை வெளியே விட்டு முள்ளை இறக்குவோம். இங்கே வெளியே இருப்பதை உள்ளே விட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றைத் தண்ணீர் நெருக்கி, கடலின் பலத்துக்கு அதுவும் வந்துவிட்டால், கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். பிறகு அது வெறும் தகடு.

“வால்வத் தொற” என்றேன்.

மச்சினன் நகர்ந்து வால்வின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். “அத்தான், கிறுக்குப் புடிச்சிருச்சா? தண்ணி வரக்கூடாதுன்னுதானே இத்தன வெல்டிங்கும் வச்சோம்! நீச்சல் தெரியாதவன உள்ள வச்சிக்கிட்டு எவனாச்சும் தண்ணியத் தொறந்து விடுவானா?”

“முள்ளப் பாரு மாப்ள. முள்ளு நிக்கயில கதவு தொறக்குமா? நீயே சொல்லு.”

“இது பொயிலரு இல்ல.”

“பொயிலருதான். உள்ள வெளியயா மாறிக் கெடக்கு. அவ்ளோதான்.”

அவன் முள்ளைப் பார்த்தான். எத்தனையோ பொயிலர்களுக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து குந்தியிருக்கிறோம். அவனுக்கு விளங்கியது, ஆனால் உடம்பு கேட்கவில்லை. “அக்காகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்” என்று நகர்ந்தான். நான் வால்வைத் திறந்தேன். என் கையால், முழுதாகத் திறந்தேன்.

தண்ணீர் காலடியில் குமுறிக்கொண்டு ஏறியது. காதுக்குள் ஆணி இறங்கியது. காற்று அடுப்பங்கரை போலச் சூடாகி எங்கள் குரலே மாறிப்போனது. முழங்கால், இடுப்பு என்று ஏறியது. சுழியோடி பாதியிலேயே கதவைத் தள்ளப் போனான், நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். முள் இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு அணைத்த பொயிலரில் இறங்குவதுபோலவே, அவசரமில்லாமல். மச்சினன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தான். தண்ணீர் நெஞ்சைத் தொட்டது. முள் பூச்சியத்தில் படுத்தது. “இப்ப” என்றேன். ஒரு கையால் தள்ளினேன். கதவு மேலே திறந்துகொண்டது.

“மூச்ச அடக்க வேணாம்! ஊதிக்கொண்டே போங்க! அடக்கினா நெஞ்சு வெடிச்சிரும்!” என்று சுழியோடி கத்தினான். மச்சினனை முதலில் தள்ளிவிட்டேன். என் மனைவிக்குச் சொன்ன சொல் எனக்கு நினைவில் இருந்தது. அவன் போகும்போது கன்னம் உப்ப மூச்சை இழுத்து, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டான். லயத்துப் பீலியில் கொட்டும் தண்ணீருக்குத் தலை கொடுக்கும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். நான் பார்த்தேன். சொல்வதற்குள் போய்விட்டான்.

நான் கத்திக்கொண்டே போனேன். கதிர்காமத்தானையும் கூப்பிட்டேன், முதலாளியின் தாயையும் இழுத்தேன். செத்தாலும் மூடாத வாய் என்று என் மனைவி திட்டுவாள். அந்த வாயால்தான் என் நெஞ்சு வெடிக்கவில்லை.

மேலே வெளிச்சம். சுழியோடி எங்கள் இருவரையும் கழுத்தில் பிடித்து மிதக்க வைத்தான். வலை வீச வந்த சின்னப் படகு ஒன்று கண்டு எங்களைத் தூக்கியது. மச்சினனுக்கு உயிர் இருந்தது. வாயோரம் சிவப்பு நுரை வந்துகொண்டே இருந்தது, துடைக்கத் துடைக்க வந்தது. என்னைப் பார்த்தான்.

“கதவு பரவால்ல அத்தான்” என்றான்.

கரைக்கு வருவதற்குள் போய்விட்டான். மூச்சை அடக்கியதால் நெஞ்சுக்குள் கிழிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். போன லொறியிலேயே அவனைக் கொண்டுவந்தேன். பிபிலை தாண்டி மலை ஏறும்போது மழை. லொறியை மூடிய படங்குக்கு அடியில் நானும் அவனும்.

ஸ்பிரிங்வெளியில் அவன் பிறந்த லயத்தில்தான் சவத்தை வைத்தார்கள். தப்புச் சத்தத்துக்கு நடுவே என் மனைவி எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

“தண்ணியத் தொறந்து விட்டது யாரு?”

“நான்தான். ஆனா ஏன்னு கேளு...”

அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை. அவள் சொன்னபடியே என் முகத்தில் முழிப்பதில்லை, அந்த லயத்தில்தான் இருக்கிறாள். நான் கொண்டுபோன கோடித் துணியை அவர்கள் வாங்கவில்லை. அவள் சித்தப்பா கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னார்: “லயத்துக்கெல்லாம் தண்ணி கொண்டாந்தவரு, மச்சினனுக்குக் கடலையே தொறந்து விட்டுட்டாரு.” சவத்துக்கு முன்னாலேயே சில பேர் சிரித்தார்கள். நான் போட்ட குழாயில் கை கழுவிவிட்டுத்தான் சிரித்தார்கள்.

கரையில் வேறு கதை. பித்தளையைப் பற்றியும் ஓடிப்போனதைப் பற்றியும் பேச்சு எழாமல் இருக்க, முதலாளி சுழியோடியை முன்னால் நிறுத்திவிட்டார். கடல் தெரிந்தவன் சமயோசிதமாகத் தண்ணீரை உள்ளே விட்டுக் கிழவனைக் காப்பாற்றினான் என்று பொலிசுக்கும் சொன்னார், ஊருக்கும் சொன்னார். அங்கே கோயிலில் அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்களாம். சுழியோடிக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

“நான் சொல்லல்ல ஐயா. அவங்களாத்தான் சொல்றாங்க” என்றான்.

“நீ இல்லைன்னு சொன்னியா?”

“என்ட மகள் அதக் கேட்டு சந்தோசப்படுறா ஐயா” என்றான்.

இதுதான் நடந்தது. என் மச்சினன் செத்துப்போனதை நான் மறைக்கவில்லை. கூட்டி வருகிறேன் என்ற சொல்லை என்னால் காப்பாற்ற முடியவில்லை, அது என் நெஞ்சில் கிடக்கிறது, சாகும்வரை கிடக்கும். ஆனால் நான் வால்வில் கை வைக்காமல் இருந்திருந்தால், அந்தக் கதவுக்குக் கீழே காய்ந்த இரும்பில் மூன்று பிணம் கிடந்திருக்கும். என் மனைவிக்கு அழுவதற்கு உடம்புகூட வந்திருக்காது. ஸ்பிரிங்வெளியில் வால்வைத் திறந்தவன் கொலைகாரன், கரையில் திறந்தவன் வீரன் என்றால், திறந்தது இரண்டு பேரா? அங்கே கட்டிய பரிவட்டத்தை அவனிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டாம். எங்களை மிதக்க வைத்தவன் அவன், அதற்கு அது தகும். ஆனால் கடலை உள்ளே விட்டது அவன் இல்லை, நான் என்று அதே கோயிலில் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். இங்கே லயத்தில், படிக்கத் தெரிந்த எவராவது இதை என் மனைவிக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். முள் இறங்கும்வரை காத்திருந்து கதவைத் திறந்தவன் நான். அதை என் பெயரில் சொல்லுங்கள்.